ஐடிஐ படித்தவர் இன்ஜினீயர் ஆவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பிஇ நான்கு ஆண்டு, மொத்தம் ஆறு. இதே பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ இரண்டு ஆண்டு, டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு ஆண்டு, பிஇ நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டு, மொத்தம் ஏழு. ஒரே ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் இரண்டாவது வழியில் போகிறவர் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு வேலைக்கான சான்றிதழ் இருக்கும். முதல் வழியில் நடுவே நின்றால் பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்தான்.

இந்தக் கணக்கு பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. "மார்க் வரல, ஐடிஐ-ல சேத்துட்டோம்" என்று சொல்லும்போதே இன்ஜினீயர் என்ற பேச்சு அந்த வீட்டில் முடிந்துபோகிறது. கோவையில் டூல்ரூம் (தொழிற்சாலைக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவு) வேலையில் இருப்பதால் ஃபிட்டராகவும் டர்னராகவும் தொடங்கி டிசைன், குவாலிட்டி, புரொடக்‌ஷன் இன்ஜினீயர்களாக இருப்பவர்களோடு தினமும் பழகுகிறேன். அவர்கள் யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அரசு விதிகளிலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எது எப்போது திறக்கும் என்று தெரிந்து போனார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. மெக்கானிக்கல் பக்கத்து உதாரணங்களே அதிகம் வரும், ஆனால் எலக்ட்ரிக்கல்காரர்களுக்கும் வரிசை இதேதான்.

படி 1: டிரேடைத் தேர்ந்தெடுப்பது

ஐடிஐ-யில் சேரும்போது எடுக்கும் டிரேடுதான் (தொழிற்பிரிவு) பின்னால் எந்த டிப்ளமோ, எந்த பிஇ என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இன்ஜினீயராகும் எண்ணம் இருந்தால் இரண்டு ஆண்டு டிரேடாகப் பாருங்கள்: ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், டூல் அண்ட் டை மேக்கர். வெல்டர் ஓராண்டு டிரேடு. அதில் நல்ல வருமானம் உண்டு. ஆனால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர பத்தாம் வகுப்போடு இரண்டு ஆண்டு ஐடிஐ கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் இதைக் கவனியுங்கள்.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். ஐடிஐ, டிப்ளமோ இரண்டுமே இந்தத் திட்டங்களுக்குள் அடங்கும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. சில ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் 4.0 தொழில்நுட்ப மையங்களை அரசு அமைத்தது. சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும் மெஷின்), ரோபோ, 3டி பிரிண்டிங் எல்லாம் அங்கே உண்டு. உங்கள் மாவட்டத்தில் எந்த ஐடிஐ-யில் அந்த மையம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஐடிஐ-யில் சேர வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலம் மொழித் தேர்வுகளை எழுதித் தேர்ச்சி பெற்றால் பத்தாம் வகுப்புக்கு இணை. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ முடித்தவர் அதேபோல எழுதினால் பிளஸ் டூ-வுக்கு இணை. இந்த மொழித் தேர்வைப் பலர் "எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பின்னால் ஏதாவது ஒரு பட்டப்படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ போகும்போது அந்த ஒரு தாள் குறுக்கே நிற்கும்.

படி 2: ஐடிஐ-யில் இருக்கும்போதே கணக்குப் பாடத்தைப் பிடித்துக்கொள்வது

இந்த வழியில் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் கணிதம். டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும்போது முதல் ஆண்டுக் கணிதத்தைத் தாண்டி வருகிறீர்கள். அடுத்து பிஇ-யிலும் முதல் ஆண்டைத் தாண்டி, மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் போன்ற கடினமான கணிதத்தின் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கும். யாரும் திரும்பச் சொல்லித்தர மாட்டார்கள்.

இதற்கு மருந்து ஐடிஐ-யின் இரண்டு ஆண்டுகளிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகம் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முக்கோணவியல், அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம்: இந்த ஐந்தையும் மெதுவாகப் போடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் போதும்.

ஐடிஐ மாணவருக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. முக்கோணவியல் அவருக்கு வெறும் தாள் விஷயம் இல்லை. கோணம் அமைக்கும் கருவியான 200 மில்லிமீட்டர் சைன் பாரை 30 டிகிரிக்கு வைக்க, அதன் ஒரு முனைக்கு அடியில் எவ்வளவு உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) அடுக்க வேண்டும்? சைன் 30 அரை. ஆகவே 100 மில்லிமீட்டர். லேத்தில் டேப்பர் (ஒரு முனை சிறுத்துப்போகும் வடிவம்) கடையும்போது பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது டேப்பரின் பாதிக் கோணத்தின் டேன். காலையில் பட்டறையில் செய்ததை மாலையில் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். பிளஸ் டூ-வில் மனப்பாடம் செய்தவரைவிட உங்களுக்கு நன்றாக நிற்கும்.

இன்னொன்று டிராயிங். மெஷின் ஓட்ட ஆசைப்பட்டு டிராயிங் வகுப்பைத் தட்டிக்கழிப்பவர்கள் ஆபரேட்டராகவே நின்றுவிடுகிறார்கள். பழைய ஃபோர்மேன்கள் சொல்வதுதான்: "தம்பி, டிராயிங்கைப் படிச்சு முடி, அப்புறம் மெஷின்ல கை வை."

படி 3: அப்ரண்டிஸ் ஆண்டு

ஐடிஐ முடித்ததும் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பெரும்பாலும் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி கிடைக்கும். பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி எல்லாமே அப்ரண்டிஸ் எடுக்கும் இடங்கள். தனியார் ஆலைகளும் எடுக்கின்றன. முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வரும்.

இந்த ஆண்டைத் தாண்டிவிட்டு நேரே டிப்ளமோவுக்குப் போகலாமா? போகலாம், மேலே சொன்ன ஏழு ஆண்டுக் கணக்கு அப்படிப் போட்டதுதான். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்துவிட்டுப் போவதே நல்லது என்பது என் எண்ணம். தொழிற்சாலையில் ஒரு ஆர்டர் எப்படி வருகிறது, எங்கே தேங்குகிறது, ரிஜெக்‌ஷன் யார் தலையில் விழுகிறது என்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது. இடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடிக்கும் லைனைவிட, டூல்ரூமோ மெயின்டனன்ஸ் பிரிவோ உள்ள இடத்துக்குப் போங்கள். தினம் ஒரு புது வேலை வரும்.

படி 4: டிப்ளமோ, நேரடி இரண்டாம் ஆண்டு

பாலிடெக்னிக் சேர்க்கை தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கிறது. பிளஸ் டூ முடித்தவரும், பத்தாம் வகுப்போடு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவரும் ஒரே நிலையில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. முதலில் அங்கேதான் முயற்சி செய்ய வேண்டும். முதல் ஆண்டு சேர்க்கைக்கும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கைக்கும் தனித்தனி விண்ணப்பம். கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

காகிதங்களைச் சரி பார்க்க இதுவே நேரம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ஐடிஐ தேசியத் தொழிற்சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் தந்தை பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஐடிஐ சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருந்தால் சேர்க்கை நாளில் திருத்த முடியாது. டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இவை பிஇ வரை கூடவே வரும்.

டிப்ளமோவில் மார்க் முக்கியம். ஐடிஐ-யில் கைவேலை சுத்தமாக இருந்தால் போதும். இங்கே அப்படி இல்லை. பிஇ நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது டிப்ளமோ மதிப்பெண்தான். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்ரோவின் டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பணிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ கேட்பார்கள். இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் ஆள் எடுக்கும்போது உங்களால் விண்ணப்பிக்க முடியுமா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

படி 5: வேலைக்குள் இருந்துகொண்டே மேலே ஏறுவது

டிப்ளமோ முடித்ததும் உடனே பிஇ சேர்பவர்களும் உண்டு, இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு. வேலைக்குப் போனால் அங்கே எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது பட்டத்தைவிட முக்கியமாகிவிடும். ஷாப் ஃப்ளோரிலிருந்து இன்ஜினீயர் மேஜைக்கு நான் பார்த்த வரையில் நான்கு பாதைகள் உண்டு.

முதலாவது சிஎன்சி. ஆபரேட்டர் பாகத்தை மாட்டிக் கழற்றுவார். செட்டர் டூல் ஆஃப்செட் (வெட்டும் டூலின் அளவுத் திருத்தம்) போட்டு முதல் பாகத்தைச் சரி செய்வார். புரோகிராமர் டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் எழுதுவார். ஆபரேட்டரிலிருந்து செட்டராக மாறுவதற்கு யாரும் பட்டம் கேட்பதில்லை. இரவு ஷிஃப்டில் டூல் இன்சர்ட் உடைந்தால் தானே மாற்றி ஆஃப்செட் சரி பார்ப்பவர் யார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். ஜி71 ரஃப் டர்னிங் சைக்கிள், ஜி76 த்ரெட்டிங் சைக்கிள் என்ற இரண்டு புரோகிராம் கட்டளைகளையும் கண்ட்ரோல் திரையில் வெறும் எண்களாகப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்கிறது என்று மேனுவலை வைத்துப் படித்தாலே பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். அப்புறம் மெஷின் புரோகிராமைத் தயாரித்துத் தரும் கேம் சாஃப்ட்வேர்.

இரண்டாவது குவாலிட்டி. ஐடிஐ படித்தவருக்கு இது சொந்த வீடு. வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01. எந்த அளவுக்கு எந்தக் கருவி என்பது உங்கள் கைக்குத் தெரியும். அடுத்து தெரிய வேண்டியது காரணம். 20 மில்லிமீட்டர் துளைக்கு ஹெச்7 (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதற்கான குறியீடு) என்று டிராயிங்கில் போட்டிருந்தால் அது 20.000-லிருந்து 20.021 வரை இருக்கலாம். அதற்குள் போகும் ஷாஃப்டுக்கு ஜி6 என்றால் 19.980-லிருந்து 19.993 வரை. ஆக, இடைவெளி மிகக் குறைந்தால் 0.007, மிக அதிகமானால் 0.041. இந்தக் கணக்கை மனதில் போட முடிந்தவர், நுழைகிறதா இல்லையா என்று மட்டும் காட்டும் கோ-நோகோ கேஜ் பிடிக்கும் இன்ஸ்பெக்டராக மட்டும் இருக்க மாட்டார்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் இரும்புத் துண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.011 மில்லிமீட்டர் நீளும். அளவெடுக்கும் அறையின் தர வெப்பநிலை 20 டிகிரி. சித்திரை மாத மதியத்தில் மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து "ஓகே" சொன்ன பாகம், ஏசி அறையில் ஆறியதும் அளவு குறைந்து ரிஜெக்ட் ஆவது இதனால்தான். ஆபரேட்டரும் இன்ஸ்பெக்டரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, இதைத் தாளில் எழுதிக் காட்டுகிற ஆளைத்தான் மேனேஜர் அடுத்த முறை மீட்டிங்கிற்கு அழைப்பார்.

மூன்றாவது டூல் டிசைன், அதோடு பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்சர். நேராக பிஇ முடித்து வரும் பல டிசைனர்கள் திரையில் அழகாக வரைவார்கள். பாகத்தில் குடையும் பள்ளத்தின் (பாக்கெட்) உள் மூலையைக் கூர்மையாக விட்டுவிடுவார்கள். சுற்றும் எண்ட் மில்லால் அந்த மூலையை வெட்டவே முடியாது, கட்டரின் ஆரம் அங்கே நிற்கும். சரிந்த பரப்பில் நேராக டிரில் போடச் சொல்வார்கள், டிரில் வழுக்கி ஒடியும். ±0.1 போதுமான இடத்தில் ±0.01 போட்டு, கிரைண்டிங் செலவை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவார்கள். மெஷினில் நின்றவர் இந்தத் தவறுகளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிப்பார். அந்தத் திறமையோடு கணினியில் வரையும் ஒரு கேட் சாஃப்ட்வேரும் சேர்ந்தால் டிசைன் பிரிவு உங்களை விடாது. சாலிட்வொர்க்ஸோ, ஆட்டோடெஸ்க் ஃபியூஷனோ, இலவசமான ஃப்ரீகேடோ, எதுவானாலும் சரி.

நான்காவது எலக்ட்ரீஷியன்களுக்கு: மெயின்டனன்ஸிலிருந்து பிஎல்சி (மெஷினை இயக்கும் சிறு கணினி), அங்கிருந்து ஆட்டோமேஷன். கண்ட்ரோல் பேனலுக்குள் ரிலே எதற்கு, கான்டாக்டர் எதற்கு என்று தெரிந்தவருக்கு, பிஎல்சி-க்குப் புரோகிராம் எழுதும் லேடர் லாஜிக் புதிய மொழி இல்லை.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: ரயில்வேயில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர் துறைத் தேர்வு எழுதி ஜூனியர் இன்ஜினீயர் ஆகலாம். பணியில் சேர்ந்த நாளிலிருந்தே தகுதிக் காலத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிஇ, எந்த வாசல் வழியாக

முழுநேரமாகப் படிக்க முடிந்தால் நேரடி இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தவர்களுக்கு மாநில அளவில் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. பிளஸ் டூ மாணவர்களின் கலந்தாய்வோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இடங்கள் குறைவு என்று பயப்படவும் வேண்டாம். கூடுதலாக ஒதுக்கும் இடங்களோடு முதல் ஆண்டில் நிரம்பாத இடங்களும் இதில் வரும்.

வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேர பிஇ. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), பிஎஸ்ஜி டெக் போன்ற கல்லூரிகளில் மாலை நேர வகுப்புகள் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கின்றன. கோவையின் பம்ப், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷினரி ஆலைகளில் இன்று சீனியர் இன்ஜினீயர்களாக இருக்கும் பலர் பகலில் ஷிஃப்ட், மாலையில் வகுப்பு என்று படித்தவர்கள். 2023-ல் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பணியில் இருப்போருக்கென ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தது. வேலை அனுபவச் சான்றிதழும், வேலை பார்க்கும் இடம் கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பதும் அதற்குத் தேவை. விண்ணப்பிக்கும் முன் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று எழுத்தில் வாங்குங்கள். ஷிஃப்ட் மாற்றித் தருவதாக வாயால் சொன்னது தேர்வு நேரத்தில் நிற்காது.

பிஎஸ்சி படித்தவர்களும் இதே கதவு வழியாக வரலாம். கணிதம் படித்த பிஎஸ்சி பட்டதாரிக்கு நேரடி இரண்டாம் ஆண்டு பிஇ-யில் இடம் உண்டு. முதல் ஆண்டின் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ், மெக்கானிக்ஸ் பாடங்களைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். சாஃப்ட்வேர் பக்கம் ஆர்வம் இருந்தால் ஜோஹோ பள்ளி இருக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ மாணவர்களைக் கட்டணம் இல்லாமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. ஐஐடி மெட்ராஸின் இணையவழி பிஎஸ் படிப்புகளுக்கு ஜேஇஇ தேவையில்லை. 2023-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்புக்குப் பிளஸ் டூ-வில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆனால் அது பிஎஸ் பட்டம், பிஇ அல்ல. பிஇ என்றே கேட்கும் பணிகளுக்கு அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 7: காசு போகும் இடங்கள்

"ஒரே வருஷத்தில் பிஇ, வகுப்புக்கே வரவேண்டாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி அஞ்சல் வழியில் நடத்திய பொறியியல் படிப்புகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேலையில் இருந்த பலரின் பட்டம் ஒரே நாளில் கேள்விக்குறியானது. அதில் படித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வேலை பார்த்துக்கொண்டே மேலே வர நினைத்தவர்கள்தான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏஎம்ஐஇ பற்றியும் கேட்பார்கள். 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. ஒரு தலைமுறைக்கே பிஇ-க்கு மாற்றாக இருந்தது. ஆனால் மத்திய அரசு பிஇ-க்கு இணையாக ஏற்றது 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களை. இன்று புதிதாகச் சேர நினைப்பவர், தான் போக விரும்பும் வேலைக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

வீட்டில் "இப்படியெல்லாம் யாராவது இன்ஜினீயர் ஆனாங்களா?" என்று கேட்டால்

ஜி.டி. நாயுடுவைச் சொல்லுங்கள். சூலூர் பக்கம் கலங்கல் கிராமம், படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கோவையில் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவில் முதன்முதலாக மின்மோட்டார் செய்தார். 1945-ல் அவர் முயற்சியில் உருவான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நீங்கள் பிஇ சேரப் போகும் கல்லூரியே அதுவாக இருக்கலாம்.

பெண் பிள்ளை என்று தயங்கும் வீடுகளுக்கு ஏ. லலிதா. 1937-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு, மடியில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்து, ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்து, பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலை வரை போனார்.

படி 8: பதவி மாறும் நேரம்

பிஇ முடித்த உடனே செய்ய வேண்டியது, கம்பெனியின் பணிப்பதிவேட்டில் புதிய தகுதியைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுப்பது. பல இடங்களில் தானாக நடக்காது. இருக்கும் இடத்தில் உங்களைப் பழைய டர்னராகவே பார்த்தால் வெளியே போகத் தயங்காதீர்கள். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் அனுபவத்தோடு பிஇ முடித்தவருக்குத் தேவை இருக்கிறது.

பயோடேட்டாவில் ஐடிஐ-யை மறைக்க வேண்டாம். சிலர் வெட்கப்பட்டு எடுத்துவிடுகிறார்கள். தங்கள் கையிலிருக்கும் நல்ல சீட்டைத் தாங்களே கிழித்துப்போடுகிறார்கள். ஐடிஐ, அப்ரண்டிஸ், டிப்ளமோ, வேலை, பிஇ என்று ஆண்டு வரிசையில் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கீழே என்ன மெஷின், எந்தக் கண்ட்ரோல், எந்த டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) வரை வேலை செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நேர்காணலுக்கு நீங்கள் தீர்த்த ஒரு பிரச்சினையை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: ரிஜெக்‌ஷன் எவ்வளவு இருந்தது, காரணம் என்ன என்று எப்படிக் கண்டீர்கள், என்ன மாற்றினீர்கள், பிறகு எவ்வளவு ஆனது. கம்பெனி டிராயிங்கை வெளியே எடுத்துப் போகக் கூடாது, பாகத்தைக் கையால் வரைந்து காட்டினால் போதும். ஆங்கிலம் தடுமாறினாலும் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துப் பேசுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எண்களும் படமும் புரியும். அடுத்த கேள்வி அந்தப் பாகத்தைப் பற்றித்தான் வரும்.